கூடவே கணக்கும்... வேணுமா, வேண்டாமா?

அட்மிஷன் முடிஞ்சாச்சு. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியோ, பிசிக்ஸோ சீட் கிடைச்சாச்சு. அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ளே ஆபீஸ் ரூமில் இன்னொரு ஃபாரம் நீட்டுறாங்க. 'அல்லைடு என்ன எடுக்குறீங்க... மேத்ஸா, பாட்டனியா, ஜுவாலஜியா?' பின்னாடி பெரிய க்யூ. முன்னாடி நிக்கிற ஃப்ரெண்ட் எதை டிக் பண்ணாரோ, அதையே நீங்களும் டிக் பண்ணிட்டு கேன்டீனுக்குக் கிளம்பிடுறீங்க. படிப்போட திசையை மாத்துற ஒரு முடிவு முப்பதே செகண்டில் முடிஞ்சுபோச்சு!

ஏழாயிரம்பண்ணையில் காலையில் பஸ்ஸைப் பிடிச்சு சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டின்னு காலேஜுக்குப் போற உங்களுக்கு இந்த முடிவு இன்னும் கொஞ்சம் கனமானது. வீட்டிலேயே முதல் பட்டதாரி நீங்களா இருக்கலாம். அம்மா தீப்பெட்டி ஆபீஸ், அப்பா பயர் ஆபீஸ்னு இருந்தா, 'எதை எடுத்தா நல்லது?'ன்னு வீட்டில் கேட்க ஆள் கிடையாது. லீவு நாளில் நீங்களும் வேலைக்குப் போறவர்னா, கூடுதலா ஒரு கணக்கு பேப்பருக்கு நேரம் எங்கிருந்து வரும்ங்கிற கேள்வியும் சேர்ந்துக்கும். அதனால முப்பது செகண்ட் போதாது. வாங்க, ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து யோசிப்போம்.

பேருதான் வேற வேற!

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம ஊர்க் கல்லூரிகளில் காலங்காலமா இருக்கிற பேர் 'அல்லைடு'. சில காலேஜ்களில் இப்போ அதுக்கு 'ஜெனரிக் எலெக்டிவ்'னு பேர். 'மைனர்'ங்கிறது மூணாவது பேர். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரையறையில் 'மேஜர் - மைனர்'னுதான் பேசுது. ஒரு முதன்மைப் பாடம், அதுக்குத் துணையா இன்னொரு பாடத்தில் குறிப்பிட்ட அளவு கிரெடிட். சாப்பாட்டில் சோறு மேஜர்னா, கூட்டு மைனர். கூட்டு இல்லாமலும் சாப்பிடலாம்... ஆனா எந்தக் கூட்டுங்கிறதைப் பொறுத்து ருசி மாறும்!

பேர் எதுவா இருந்தாலும், ஃபாரத்தில் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்டில் மூணு கேள்வி கேட்டுடுங்க. ஒண்ணு: இது கட்டாயப் பாடமா, விருப்பப்பட்டுச் சேர்க்கிற கூடுதல் பாடமா? ரெண்டு: இதோட மார்க் என் மொத்த சதவீதத்தில் சேருமா? மூணு: மார்க் ஷீட்டில் கணிதம்னு பேர் தெளிவா வருமா? கட்டாயப் பாடத்தில் ஒரு அரியர் விழுந்தா டிகிரியே நிக்கும். கூடுதல் பாடம்னா பெரும்பாலும் அந்த ஆபத்து இருக்காது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு மாட்டிக்கக் கூடாது.

சரவெடிக்குள்ளே ஒரு லாக்!

'கெமிஸ்ட்ரி படிக்கிறவனுக்குக் கணக்கு எதுக்கு?' இது எல்லா காலேஜிலும் கேட்கிற கேள்வி. இதுக்கு பதில் தேடி அமெரிக்கா போக வேண்டாம். நம்ம ஊர்ப் பட்டாசிலேயே இருக்கு.

பட்டாசுச் சத்தத்துக்கு மத்திய அரசு 1999-ல் ஒரு வரம்பு வெச்சது. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல போகக் கூடாது. ஒத்தை வெடிக்கு இது சரி. சரவெடிக்கு? அங்கேதான் கணக்கு வாத்தியார் உள்ளே வர்றார். சரத்தில் எத்தனை வெடி கோத்திருக்கோ, அந்த எண்ணிக்கைக்கு லாக் எடுத்து, 5-ஆல் பெருக்கி, வர்ற எண்ணை 125-லிருந்து கழிக்கணும். அதுதான் ஒவ்வொரு வெடிக்கும் வரம்பு. நூறு வெடின்னா லாக் மதிப்பு 2. அஞ்சால் பெருக்கினா 10. ஆக வரம்பு 115 டெசிபல். ஆயிரம் வாலான்னா 110. வெடி பத்து மடங்கு கூடினா வரம்பு 5 டெசிபல் குறையும். அவ்வளவுதான் விஷயம். ஆனா 'லாக்'னா என்னன்னு தெரியாதவருக்கு அந்த விதி வெறும் கிறுக்கல்!

2018 அக்டோபர் 23 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. அடுத்த வருஷமே நீரி ஆய்வகம் உருவாக்கின பசுமைப் பட்டாசு வந்துச்சு. புகையில் வர்ற தூசியைக் குறைஞ்சது 30 சதவீதம் குறைக்கணும்ங்கிறது அதோட இலக்கு. கலவையை மாத்து, அளந்து பாரு, பழசோட ஒப்பிடு, குறைஞ்சது நிஜமா தற்செயலான்னு சொல்லு... இந்த வேலையில் கெமிஸ்ட்ரி பாதி, கணக்கு பாதி.

இன்னொண்ணு, இதைவிட முக்கியமானது. மருந்து அறைகளுக்கு நடுவில் இடைவெளி ஏன் அவ்வளவு விடச் சொல்றாங்க? வெடிப்பு அறிவியலில் ஒரு கனமூல விதி இருக்கு. மருந்தோட எடை எட்டு மடங்கானா, அதே வேகத்தில் அடிக்கிற அழுத்த அலை ரெண்டு மடங்கு தூரம் போகும். எட்டோட கனமூலம் ரெண்டு, இல்லையா? அதையே திருப்பிப் போடுங்க. இடைவெளியைப் பாதியாக் குறைச்சுக் கட்டினா, மருந்தையும் பாதியாக் குறைச்சா போதும்னு தோணும். போதாது. எட்டில் ஒரு பங்காக் குறைக்கணும்! 'பாதிக்குப் பாதி'ன்னு மனசு போடற கணக்குக்கும், நிஜக் கணக்குக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் இது. 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம்னு நம்ம சுற்றுவட்டாரம் பார்த்த துயரங்களுக்குப் பிறகு, இந்த வித்தியாசம் தெரிஞ்ச கெமிஸ்ட் இங்கே எவ்வளவு தேவைன்னு உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

'ஸ்டூடன்ட்'னு ஒரு புனைபெயர்

கெமிஸ்ட்ரியும் கணக்கும் சேர்த்துப் படிச்ச ஒருத்தர் கதையைக் கேளுங்க. வில்லியம் கோசெட். ஆக்ஸ்ஃபோர்டில் இந்த ரெண்டையும் படிச்சவர். 1899-ல் டப்ளினில் இருக்கிற கின்னஸ் மதுபான ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லி நல்லதா, கலவை சரியாங்கிறதைச் சோதிக்கிற வேலை. சிக்கல் என்னன்னா, ஆயிரம் சாம்பிள் எடுக்க நேரமும் கிடையாது, காசும் கிடையாது. நாலோ அஞ்சோ சாம்பிள்தான். அதை வெச்சு மொத்தச் சரக்கைப் பத்தி எவ்வளவு நம்பிக்கையாச் சொல்லலாம்?

அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு 1908-ல் கட்டுரையா வெளியிட்டார். கம்பெனி விதிப்படி சொந்தப் பேரைப் போட முடியல. அதனால 'ஸ்டூடன்ட்'னு புனைபெயர். இன்னிக்கு உலகம் முழுக்க ஸ்டாடிஸ்டிக்ஸ் புத்தகத்தில் இருக்கிற 'ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்' அதுதான். மாணவர்களுக்கான டெஸ்ட்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்களா? அது ஒரு ஃபேக்டரி கெமிஸ்ட்டோட கண்டுபிடிப்பு, பாஸ்!

நம்ம தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இதே பிரச்னைதான். ஒரு பட்டாசைச் சோதிக்கணும்னா கொளுத்தணும். கொளுத்தினா விற்க முடியாது. குறைஞ்ச சாம்பிளில் நிறைய தெரிஞ்சுக்கணும். அதுக்குக் கணக்கு வேணும்.

உள்ளூர் உதாரணம் கேட்கிறீங்களா? ஜி.என்.ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிசிக்ஸ் துறைத் தலைவரா இருந்தவர். புரோட்டீன் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படியெல்லாம் மடங்க முடியாதுங்கிறதை ரெண்டே ரெண்டு கோணங்களை வெச்சு ஒரு வரைபடமாக்கி, 1963-ல் தன் சகாக்களோடு வெளியிட்டார். 'ராமச்சந்திரன் வரைபடம்'னு அதைப் பயோகெமிஸ்ட்ரி மாணவர்கள் உலகம் முழுக்கப் படிக்கிறாங்க. உயிரியல் கேள்வி, வேதியியல் பொருள், இயற்பியல் ஆள்... பதில் கிடைச்சது ஜியாமெட்ரியில்!

எந்தக் கதவு திறக்கும்?

சரி, உற்சாகப்பட்டது போதும். நடைமுறைக்கு வருவோம்.

மேல்படிப்பு: ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்ஸி.யில் எம்.எஸ்ஸி. படிக்க 'ஜாம்' நுழைவுத் தேர்வு இருக்கில்லையா, அதில் கெமிஸ்ட்ரி பேப்பரின் சிலபஸிலேயே 'அடிப்படைக் கணிதக் கருத்துகள்'னு தனிப் பகுதி இருக்கு. வகைக்கெழுச் சமன்பாடு, மேட்ரிக்ஸ், வெக்டர், நிகழ்தகவு எல்லாம் வரும். பிசிக்ஸ் பேப்பரில் சொல்லவே வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதுற பிசிக்ஸ்காரங்களுக்கும் கணித முறைகள் முக்கியப் பகுதி. அந்தப் பக்கம் போற எண்ணம் இருந்தா, கணக்கைத் தள்ளிவிடறது கடனைத் தள்ளிப்போடற மாதிரி. வட்டியோட வரும்.

எம்.சி.ஏ.: பொதுவா ப்ளஸ் டூவிலோ, டிகிரியிலோ கணக்கு படிச்சிருக்கணும்னு கேட்பாங்க. ப்ளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்துக் கணக்கை விட்டவங்களுக்கு, டிகிரியில் எடுக்கிற கணக்குதான் அந்தக் கதவோட சாவி. உங்களுக்கு இது ரெண்டாவது சான்ஸ்!

லேப், தொழிற்சாலை வேலை: குவாலிட்டி கன்ட்ரோல், சாம்பிள் சோதனை, டேட்டா சம்பந்தப்பட்ட வேலைகளில் ஸ்டாடிஸ்டிக்ஸ் தெரிஞ்சவங்களுக்கு ஒரு படி மேலே இடம் கிடைக்கும். ஆனா சர்டிஃபிகேட்டில் 'மைனர்'னு போட்டிருக்கிறதுக்காக யாரும் வேலை கொடுக்க மாட்டாங்க. 'இந்த ரீடிங்கை வெச்சு என்ன சொல்றீங்க?'ன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும்.

எது திறக்காது?

இதையும் தெரிஞ்சுக்குங்க. அல்லைடு கணக்கை மட்டும் வெச்சு ஸ்கூலில் கணக்கு டீச்சர் ஆக முடியாது. அதுக்குக் கணக்கே மேஜரா இருக்கணும். பி.எஸ்ஸி. முடிச்சிட்டு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. ரெண்டாம் வருஷம் சேர நினைச்சா, அங்கே ப்ளஸ் டூவில் கணக்கு படிச்சீங்களான்னுதான் பார்ப்பாங்க. அல்லைடு அதுக்கு ஈடாகாது. டி.என்.பி.எஸ்.ஸி. குரூப் 4 எழுதறதுதான் லட்சியம்னா, 200 கேள்வியில் திறனறிவுக் கணக்கு 25. அதெல்லாம் பத்தாம் வகுப்புத் தரம். அதுக்கு லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் தேவையே இல்லை!

ராமானுஜன் கொடுத்த விலை

கணக்கைப் புகழ்ந்தாச்சு. இப்போ மறுபக்கம். ராமானுஜனைவிடப் பெரிய கணக்கு ஆள் யார்? அவர் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோட சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி, மத்த பாடங்களைக் கவனிக்காம விட்டார். தேர்ச்சி போச்சு, உதவித்தொகையும் போச்சு. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேற முடியல. அவருக்குப் பின்னாடி நடந்தது சரித்திரம். ஆனா நடுவில் அவர் பட்ட வறுமை கொஞ்ச நஞ்சமில்லை.

இந்தக் கதை எதுக்குன்னா, ஒரு பாடம் கூடினா இன்னொரு பாடத்துக்கான நேரம் குறையும். ராமானுஜனுக்கே அதில் விலக்கு கிடைக்கலை.

உங்க நேரத்தை ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க. வாரத்துக்கு நாலு மணி நேரம் கணக்கு கிளாஸ்னு வெச்சுக்குவோம். வீட்டில் போட்டுப் பார்க்க இன்னொரு நாலு மணி நேரம். கணக்கு படிச்சா வராது, போட்டாதான் வரும். மொத்தம் எட்டு. ஒரு செமஸ்டருக்கு 15 வாரம்னா 120 மணி நேரம். இப்போ பஸ்ஸில் போற நேரம், லேப் ரெக்கார்டு எழுதற நேரம், வீட்டு வேலை, லீவு நாள் கூலி வேலை எல்லாத்தையும் கழிச்சுப் பாருங்க. 120 மீதி இருக்கா? இருந்தா தாராளமா யோசிக்கலாம். இல்லைன்னா, மேஜரில் வாங்க வேண்டிய மார்க்கைக் கரைச்சு மைனரில் ஊத்தறீங்கன்னு அர்த்தம். தீபாவளி சீஸனில் வீட்டுக்கு உங்க சம்பளமும் தேவைப்படுதுன்னா, அதையும் மறைக்காம இந்தக் கணக்கில் சேருங்க. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஒரு வாரம், மூணு டெஸ்ட்!

'எனக்குக் கணக்கு வருமா?'ங்கிற கேள்விக்கு ஜோசியம் வேண்டாம். இந்த மூணையும் ட்ரை பண்ணுங்க.

டெஸ்ட் 1: ஒரு வேதிப்பொருள் 100 கிராம் இருக்கு. 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகுது. 9 மணி நேரம் கழிச்சு எவ்வளவு? 12.5 கிராம்னு எல்லாரும் சொல்லிடுவீங்க. சரி, 4 மணி நேரம் கழிச்சு? பதில் கிட்டத்தட்ட 39.7 கிராம். அது எப்படி வந்ததுன்னு தெரிஞ்சுக்க ஆர்வம் வருதா, இல்லை பக்கத்தைத் திருப்பத் தோணுதா? உங்க பதில் அதிலேயே இருக்கு.

டெஸ்ட் 2: டைட்ரேஷனில் நாலு ரீடிங். 10.2, 10.3, 10.2, 11.4. கடைசியைச் சேர்த்துச் சராசரி எடுக்கலாமா, தள்ளிடலாமா? தள்ளினா என்ன நியாயம்? ஃப்ரெண்டோட சண்டை போட்டுப் பாருங்க. இது சுவாரஸ்யமா இருந்தா, உங்களுக்குக் கால்குலஸைவிட ஸ்டாடிஸ்டிக்ஸ் செட் ஆகும்.

டெஸ்ட் 3: லைப்ரரியில் உங்க மேஜரோட மூணாம் வருஷப் புத்தகத்தை எடுங்க. கெமிஸ்ட்ரின்னா ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ்னா குவாண்டம் மெக்கானிக்ஸ். பத்துப் பக்கம் புரட்டுங்க. எத்தனை பக்கத்தில் இன்டெக்ரல் குறி இருக்கு? அந்தப் பக்கங்களை மனப்பாடம் பண்ணித் தாண்டப் போறீங்களா, புரிஞ்சு தாண்டப் போறீங்களா?

ஒரு வாரம் ஆன பிறகும் மூணாவது டெஸ்ட்டில் பயம்தான் இருக்குன்னா, உடனே 'எனக்கு வராது'ன்னு முத்திரை குத்திக்காதீங்க. ப்ளஸ் டூவில் கணக்கு படிக்காதவங்களுக்குத் தேவை மூளை இல்லை, ரெண்டு மாச அடிப்படைப் பயிற்சி. லாக், கோணவியல், வகைக்கெழு இந்த மூணும் கைக்கு வந்துட்டா, முதல் செமஸ்டர் பயம் பாதி போயிடும். கணக்கு மேஜர் படிக்கிற ஒரு சீனியரைப் பிடிங்க. பஸ்ஸில் பக்கத்து சீட்டிலேயே ஒருத்தர் இருப்பார்!

நடுவழியும் இருக்கு

எடுக்கலாம், விடலாம்னு ரெண்டே வழின்னு நினைக்காதீங்க. அல்லைடா பாட்டனி எடுத்துட்டு, கணக்கைச் சொந்தமாப் படிக்கிறதும் ஒரு வழிதான். ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்ஸி.யும் சேர்ந்து ஆரம்பிச்ச என்.பி.டெல்., அப்புறம் ஸ்வயம் தளங்களில் கணக்கு, ஸ்டாடிஸ்டிக்ஸ் பாடங்களை இலவசமாவே பார்க்கலாம். பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கணும்னா மட்டும் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆரம்பிச்ச ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பும் இருக்கு. பத்தாம் வகுப்பில் கணக்கும் இங்கிலீஷும் படிச்சு, ப்ளஸ் டூ முடிச்சிருந்தா தகுதித் தேர்வு எழுதலாம். ஒரே சமயத்தில் ரெண்டு டிகிரி படிக்க 2022-ல் மானியக் குழு அனுமதி கொடுத்தாச்சு. ஆனா அதுக்கு ஃபீஸ் இருக்கு, உழைப்பும் நிறைய. அண்ணன் சொன்னார், அக்கா சொன்னாங்கன்னு இதில் குதிச்சிட வேண்டாம்.

முடிவா என்ன?

எம்.எஸ்ஸி., ஆராய்ச்சின்னு போற கனவு இருந்தா... எடுங்க.

ப்ளஸ் டூவில் கணக்கை விட்டுட்டு, இப்போ கம்ப்யூட்டர் பக்கம் போக ஆசைன்னா... எடுங்க.

பட்டாசு, தீப்பெட்டி, பிரின்டிங்னு நம்ம ஊர்த் தொழிலிலேயே கெமிஸ்ட்டா தலை நிமிர்ந்து நிக்கணும்னா... ஸ்டாடிஸ்டிக்ஸ் இருக்கிற பேப்பரா பார்த்து எடுங்க.

தாவரம், உயிரினம்னு மனசு போகுதுன்னா, பாட்டனியையோ ஜுவாலஜியையோ சந்தோஷமா எடுங்க. அது கணக்கைவிட மட்டம் இல்லை. அங்கேயும் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஒருநாள் கதவைத் தட்டும், அப்போ பார்த்துக்கலாம்.

ஃப்ரெண்ட் எடுத்தார், டிபார்ட்மென்ட்டில் கெத்து, கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கலாம்ங்கிறதுதான் காரணம்னா... வேண்டவே வேண்டாம்!

முக்கியமா, வீட்டில் ஒரு தடவை பேசிடுங்க. 'அல்லைடு'ன்னா என்னன்னு அம்மாவுக்குத் தெரியாம இருக்கலாம். ஆனா, 'வாரம் எட்டு மணி நேரம் கூடுதலாப் படிக்கணும்மா, ஞாயித்துக்கிழமை வேலைக்கு வர முடியாது, இது இன்ன படிப்புக்கு வழி விடும்'னு சொன்னா, வரவு செலவு போட்டுப் பார்க்க அவங்களுக்குத் தெரியும். நாள் முழுக்கக் கட்டை அடுக்கி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குற கைகள் அவை. எது கட்டும், எது கட்டாதுங்கிற கணக்கில் அவங்களை யாரும் ஜெயிக்க முடியாது.

ஃபாரம் கொடுக்கக் கடைசித் தேதி என்னிக்குன்னு நாளைக்கே விசாரிச்சு வெச்சுக்குங்க. மாத்திக்க அவகாசம் இருக்கான்னும் கேளுங்க. அதுவரைக்கும் பென்சில்ல டிக் பண்ணுங்க, பேனா அப்புறம்!